ஸ்கேன் நார்மல், ஆனால் ஓடினால் மறுநாள் படுக்கை: ஏன், என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். வயது 37, சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை, வாரத்தில் நான்கு நாள் ஓடும் பெண். ஒன்பது வாரத்துக்கு முன்பு விடிகாலையில் அடையாறு பக்கம் ஓடும்போது ராங் சைடில் வந்த பைக் இடித்து விழுந்து பின்மண்டையில் அடி. சில விநாடிகள் என்ன நடந்தது என்றே நினைவில்லை. சி.டி. ஸ்கேன் நார்மல். "ஒண்ணுமில்ல, ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் தலைவலி, கிறுகிறுப்பு. ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தால் தலை கனக்கிறது. கொஞ்சம் தெளிந்தது போல இருக்கும்போதெல்லாம் ஓடிப் பார்க்கிறார், மறுநாள் படுக்கை. வீட்டில் "நல்லாத்தானே இருக்கே" என்கிறார்கள். இது என் கற்பனையா, நான் மறுபடி ஓடுவேனா என்று கேட்கிறார்.

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டாகச் சொல்கிறேன். கற்பனை இல்லை. ஓடவும் முடியும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் விவரத்தைப் படித்தால், அடியின் கடுமையைவிட உங்களை இழுத்துப் பிடித்திருப்பது நீங்கள் மாற்றி மாற்றிச் செய்யும் இரண்டு காரியங்கள் என்று தோன்றுகிறது: சில நாள் முழு ஓய்வு, பிறகு ஒரேயடியாக ஐந்து கிலோமீட்டர். இடையில் செய்ய வேண்டிய வேலையை யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கையை முடித்துவிடுகிறேன். தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கை கால் பலவீனம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல ஒழுகுவது, இவற்றில் எது இருந்தாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு எமர்ஜென்சிக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்தும் தொல்லை கொடுக்கலாம். முதல் ஸ்கேன் நார்மல் என்பது அவர்களுக்கு நிரந்தரச் சான்றிதழ் ஆகாது. உங்கள் கதை அப்படித் தெரியவில்லை. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகவில்லை, ஓடினாலோ திரையைப் பார்த்தாலோதான் கூடுகிறது.

சி.டி. ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். ஆபரேஷன் தேவையா என்ற கேள்விக்கான பதில் அது, அந்தப் பதில் உங்களுக்கு நல்லபடியாக வந்தது. உங்களுக்கு நடந்திருப்பது கன்கஷன். மண்டை சடாரென்று நின்றபோது உள்ளே மூளை குலுங்கி, நரம்பிழைகள் இழுபட்டிருக்கின்றன. இழுபட்ட செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் சக்தி தேவைப்படுகிறது, அதே நேரத்தில் அங்கே ரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. இந்தத் தொடர் விளைவை கலிபோர்னியாவின் மூளை ஆய்வாளர்கள் கீசாவும் ஹோவ்டாவும் 2001-ல் விரிவாக எழுதினார்கள். சக்திப் பற்றாக்குறையை சி.டி. படம் காட்டாது. அதனால்தான் ரிப்போர்ட்டில் எல்லாம் சரி, உங்களுக்கு மட்டும் சரியில்லை.

இந்தப் பற்றாக்குறை பெரும்பாலோருக்கு ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடும். நான்கு வாரத்தைத் தாண்டினால் 'நீடிக்கும் அறிகுறிகள்' என்ற கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது வாரத்தில் இருக்கும் உங்களிடம் "இன்னும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்பது வைத்தியமே இல்லை. இருட்டறையில் படுக்கப்போடும் பழைய முறை கைவிடப்பட்டு வருடங்களாகிவிட்டன. 2015-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 11 முதல் 22 வயதுக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஐந்து நாள் கடும் ஓய்வில் வைத்தார்கள். ஓரிரு நாள் ஓய்வெடுத்துப் படிப்படியாக எழுந்தவர்களைவிட அவர்களுக்கே தொந்தரவு அதிகமாக இருந்தது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர் குழு சொன்னதும் அதுதான்: முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, அதன் பிறகு லேசான உடற்பயிற்சி. மருந்து போலவே அளவு பார்த்து.

அந்த அளவில்தான் ஓட்டக்காரர்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். வலித்தாலும் விடாமல் ஓடியவர்தான் 21 கிலோமீட்டரை முடித்திருக்கிறார். அந்தக் குணத்தை மெச்சித்தான் ரன்னிங் குரூப்பில் கைதட்டுகிறார்கள். முழங்கால் வலிக்கு அது ஓரளவு செல்லுபடியாகும், இங்கே ஆகாது. நீங்கள் இதுவரை ஓடியதெல்லாம் 'சரியாயிடுச்சா' என்று பார்க்கிற பரீட்சை. பயிற்சி என்று ஒரு நாள்கூட நடக்கவில்லை.

அளவு கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடியும் பேரி வில்லரும் உருவாக்கிய ட்ரெட்மில் சோதனை. ஓடவே வேண்டாம், சற்று விறுவிறுப்பான நடை போதும், மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். ஒவ்வொரு நிமிடமும் ட்ரெட்மில்லின் ஏற்றத்தை 1 சதவீதம் கூட்டிக்கொண்டே போவார்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை உங்கள் தொந்தரவுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள். தொடங்கும்போது இருந்ததைவிட மூன்று மார்க் ஏறினால் நிறுத்திவிட்டு, அப்போதைய இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள். அதுதான் உங்கள் எல்லைக்கோடு. அதில் 80 முதல் 90 சதவீதத்துக்குள் தினமும் 20 நிமிடம்.

உங்கள் எல்லைக்கோடு 142 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 114-க்கும் 128-க்கும் நடுவில் இருபது நிமிடம். உங்களைப் போன்றவருக்கு இது அவமானமாகத் தோன்றும். "ஆன்ட்டிங்க வாக்கிங் போற ஸ்பீடு" என்று என்னிடம் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் இந்த முறைக்கு ஆதாரம் இருக்கிறது. 2019-ல் வெளிவந்த லெடி குழுவின் ஆய்வில், அடிபட்ட பதின்வயது வீரர்கள் 103 பேரில் இப்படி அளவோடு பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 13 நாளில் தேறினார்கள், வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. உங்கள் வயதுக்கும் ஒன்பது வாரத்துக்கும் அந்த நாள் கணக்கு பொருந்தாது, அதை எதிர்பார்க்காதீர்கள். பொருந்துவது வழிமுறை மட்டும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எல்லையை ஐந்து முதல் பத்து துடிப்பு வரை உயர்த்தலாம். பயிற்சியின்போது தொந்தரவு இரண்டு மார்க் வரை ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பரவாயில்லை, பயந்து நிறுத்த வேண்டாம். அதற்கு மேல் ஏறினால் அன்றைக்கு அவ்வளவுதான். முதல் தடவை அபார்ட்மெண்ட் ஜிம்மில் தனியாக முயற்சிக்காமல், பழக்கமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். கை வாட்ச் சில நேரம் தப்பாகக் காட்டும், மார்பில் கட்டும் பட்டை நம்பகமானது.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பேஸை (ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கை) வைத்து ஓடவே கூடாது. ஜனவரியில் 125 துடிப்பில் போன அதே வேகம் மே மாத ஈரப்புழுக்கத்தில் சர்வசாதாரணமாக அதைத் தாண்டிவிடும். வேர்வையில் நீர் வற்ற வற்ற, வேகம் கூடாமலே துடிப்பு ஏறிக்கொண்டே போகும். கிலோமீட்டரை மறந்துவிட்டு நிமிடத்தையும் துடிப்பையும் மட்டும் பாருங்கள். வெயில் காலத்தில் முதல் சில வாரம் ஏ.சி. ஜிம் சைக்கிள் தப்பில்லை. வெறும் வயிற்றில் ஐந்து மணிக்குக் கிளம்பும் பழக்கத்தையும் இப்போதைக்கு விடுங்கள். பசியும் நீர்ச்சத்துக் குறைவும் தாமாகவே தலைவலி தரும், பிறகு எது அடியால் வந்தது, எது வெயிலால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

சைக்கிள் என்றதும் இன்னொரு விஷயம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: ஜிம் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க மிதித்தும் ஒன்றும் ஆகவில்லை, மெதுவாக ஓடியதும் சுற்றியது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை யாராவது டாக்டர் கவனித்தாரா?

சைக்கிளில் துடிப்பு ஏறும், தலை ஆடாது. ஓட்டத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் தலை சில சென்டிமீட்டர் மேலும் கீழும் போய் வரும், நிமிடத்துக்கு 160, 170 தடவை. அப்படியும் எதிரே இருப்பது குலுங்காமல் தெரிகிறதென்றால், உள்காது தலையின் அசைவை அளந்து அதற்கு நேர் எதிராகக் கண்ணை நகர்த்திக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அடியில் அந்த இணைப்பு தளர்ந்திருந்தால், துடிப்பு 110-ஐத் தாண்டாவிட்டாலும் ஓட்டம் உங்களைக் கவிழ்த்துவிடும். ஆகவே அதிகத் துடிப்பில் சைக்கிள் ஒத்துக்கொண்டு, குறைந்த துடிப்பில் ஓட்டம் ஒத்துக்கொள்ளாவிட்டால், சந்தேகம் உள்காது, கண், கழுத்து ஆகிய மூன்றின் மேல் விழ வேண்டும். இரண்டுமே ஒரே துடிப்பில் தொந்தரவு தந்தால் கோளாறு ரத்த ஓட்டக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, மேலே சொன்ன துடிப்புக் கணக்கு அதற்குத்தான். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். உங்களுக்கு முதல் வகை தூக்கலாகத் தெரிகிறது.

இந்த வகைக்காரர்கள் இன்னும் சில அடையாளங்கள் சொல்வார்கள். ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்ததும் மயக்கம் போல வரும். சூப்பர் மார்க்கெட் ரேக்குகளுக்கு நடுவே நடக்கும்போது தரை மிதக்கும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தால் குமட்டும். உள்காது தரும் தகவல் குழம்பியிருப்பதால் மூளை கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடுகிறது, கண்ணுக்கு முன்னால் நிறைய அசைந்தால் தடுமாறுகிறது. கம்ப்யூட்டரில் ஸ்க்ரோல் செய்யும்போது தலை கனப்பதும் பெரும்பாலும் இதனால்தான். கண்ணாடி பவர் மாற்றினால் இது தீராது.

படுக்கையில் புரளும்போதோ, அலமாரியின் மேல் தட்டை அண்ணாந்து பார்க்கும்போதோ ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுழற்சி வருகிறதா? வந்தால் சந்தோஷப்படுங்கள். உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் அடியில் இடம் பெயர்ந்து, அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் சாய்த்து அவற்றைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடும் முறையை அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி 1992-ல் வெளியிட்டார். ஐந்து பத்து நிமிட வேலை, ஒன்றிரண்டு அமர்வில் பலருக்கும் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கே நேராக நடந்து போவதைப் பார்ப்பது என் தொழிலின் அபூர்வமான சந்தோஷங்களில் ஒன்று.

கழுத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்கிறீர்கள். பின்மண்டை தரையில் மோதும் அளவுக்கு விழுந்தவருக்குக் கழுத்தும் சுண்டி இழுபட்டிருக்கும். பின்கழுத்தில் தொடங்கி நெற்றிக்கு ஏறும் தலைவலி, திரும்பிப் பார்த்தால் கிறுகிறுப்பு, இவை கழுத்திலிருந்தே வரலாம். கனடாவில் கேத்ரின் ஷ்னைடர் குழு 2014-ல் வெளியிட்ட சிறிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அறிகுறி நீடித்த 12 முதல் 30 வயதுக்காரர்கள். கழுத்துக்கும் உள்காதுக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் எட்டு வாரத்தில் விளையாடத் தகுதி பெற்றார்கள். வழக்கமான ஓய்வும் மெதுவான பயிற்சியும் மட்டும் பெற்ற குழுவில் 7 சதவீதம். சின்னக் குழுதான், ஆனாலும் இந்த வித்தியாசத்தை அலட்சியப்படுத்த முடியாது.

ஆகவே நீங்கள் போக வேண்டியது இன்னொரு ஸ்கேனுக்கு அல்ல. உள்காதுச் சமநிலையைச் சோதிக்கத் தெரிந்த காது மூக்கு தொண்டை மருத்துவர், அந்தச் சமநிலைக்கான பயிற்சிகள் தரும் பிசியோ, இவர்களிடம் போங்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. செலவு பிரச்சினை என்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும், கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் உண்டு. (மற்றவர்களுக்காக ஒரு தகவல்: சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, குறிப்பிட்ட தொகை வரை, அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஓடும்போது பைக் இடித்தாலும் அது சாலை விபத்துதான். பலர் கேட்காமலே காசு கட்டிவிட்டு வருகிறார்கள்.)

மாத்திரைகள். 'மூளைக்குச் சத்து' என்று உங்களுக்கு எழுதித் தந்திருக்கும் சிட்டிகோலின் பற்றி: அமெரிக்காவில் தலைக்காயம்பட்ட 1,213 பேரிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வில் அதற்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்களில் பெரும்பாலோர் உங்களைவிடக் கடுமையாக அடிபட்டவர்கள். அந்தக் காசை பிசியோவுக்குக் கொடுங்கள் என்பது என் கருத்து. தலைச்சுற்றலுக்கு சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை ஆரம்ப நாட்களுக்கு உதவும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் மூளை தானாகப் பழகிச் சமாளிப்பதையே தாமதப்படுத்தும். டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். வலி மாத்திரை இன்னும் முக்கியம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போட்டால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். நீங்கள் "தினம் ஒண்ணு" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தலைவலியில் ஒரு பங்கு இதுவாகவே இருக்கலாம். கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), பி12 ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஓடும் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சகஜம், அந்தச் சோர்வையும் தலையின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

வீட்டைப் பற்றி. கையில் மாவுக்கட்டு இருந்தால் மாமியார் காபி டம்ளரைக்கூடத் தூக்க விட்டிருக்க மாட்டார். தலைக்குள் நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. கடைக்குப் போய்வரும் அளவுக்கு இருக்கிறீர்கள், அதனால் நன்றாக இருக்கிறீர்கள் என்று முடிவு. இதை வாதாடி ஜெயிக்க முடியாது. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது கணவரையும் அழைத்துப் போங்கள், அவர் காதுபட டாக்டரே சொல்லட்டும். ஆபீசுக்கும் டாக்டரிடமே கடிதம் வாங்குங்கள்: சில வாரத்துக்கு நேரம் குறைத்து வேலை, அரை மணிக்கு ஒரு தடவை திரையை விட்டு எழும் அனுமதி, இரவு நேர ஆபீஸ் போன் அழைப்புகள் வேண்டாம். தலைசுற்றல் இருக்கும் வரை ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். மெட்ரோ இருக்கும் வழியில் மெட்ரோ, பஸ்ஸைவிடக் குலுக்கல் குறைவு.

ஞாயிறு லாங் ரன் படங்கள் குரூப்பில் வரும்போது அழுகை வருகிறது என்று எழுதியதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருந்தீர்கள். தினமும் மனதை இறக்கி வைத்த ஒரே இடம் பறிபோயிருக்கிறது, தூக்கமும் கெட்டிருக்கிறது. கன்கஷனுக்குப் பிறகு மனச்சோர்வும் பதற்றமும் வருவது காயத்தின் ஒரு பகுதி, அவை தலைவலியையும் கிறுகிறுப்பையும் கூட்டவும் செய்யும். குரூப்பைச் சில மாதம் மியூட்டில் போடுவது தோல்வி இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மனாஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

மறுபடி ஓடத் தொடங்கும் நாளில் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நாகேஸ்வரராவ் பூங்கா மாதிரி சின்னச் சுற்றில், ஆட்களை ஒதுக்கி ஒதுக்கித் தலை திருப்பிக்கொண்டே போவது உங்களுக்கு இப்போது கஷ்டம். மெரினா நடைபாதை நல்லது. உழைப்பாளர் சிலைப் பக்கமிருந்து கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி நேராக, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. தூரத்தில் அசையாத ஒன்றில் கண் நிற்பது உள்காதுக்கு உதவி. கூட்டம் சேர்வதற்கு முன் போங்கள், ஆனால் இருட்டில் வேண்டாம். நாய், மூடாத மேன்ஹோல், மறுபடி ஒரு ராங் சைடு பைக், எதற்கும் இப்போது இடம் கொடுக்கக் கூடாது. ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மீள்வது இன்னும் இழுக்கும். காதில் பாட்டும் வேண்டாம். ஓட்ட நிமிடங்களை முதலில் கூட்டுங்கள், பிறகு தூரம், வேகம் எல்லாவற்றுக்கும் கடைசியில். வேகமும் மெதுவுமாக மாற்றி மாற்றி ஓடும் இன்டர்வல் பயிற்சி, பறங்கிமலைப் படிகள் எல்லாம், ஈசி ரன் 40 நிமிடம் தொந்தரவில்லாமல் போய், மறுநாள் ஆபீஸ் வேலையும் வழக்கம்போல முடிந்த பிறகு.

ஜனவரி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாயிற்று, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 21 கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். 10 கிலோமீட்டருக்கு மாற்ற முடிந்தால் மாற்றி வையுங்கள், முடிவை டிசம்பர் நடுவில் எடுக்கலாம். அதற்குள் முதல் வேலை, இந்த வாரமே கழுத்தையும் உள்காதையும் யாராவது கைவைத்துச் சோதிப்பது. போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் துடிப்பில் சைக்கிள் ஒத்துக்கொள்கிறது, எந்தத் துடிப்பில் ஓட்டம் ஒத்துக்கொள்வதில்லை, படுக்கையில் எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது.